குழாய்ப்பட்டியில் பிறந்தவன்

கோயில் சிறப்பு மலருக்கு என் அண்ணன் கோட்டைச்சாமியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அய்யாத்துரை என்னிடம் கேட்டார். என்னைப் பற்றி எழுதும்படி யாரிடமாவது கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்கவில்லை. மூத்தவனை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. மூன்று வயதுதான் வித்தியாசம், அவன் என்றே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அய்யாத்துரை திருத்திக்கொள்ளட்டும்.

என் அண்ணனுக்கு உள்ள பெருமை எல்லாம் ஒன்றுதான். அவன் குழாய்ப்பட்டியில் பிறந்தவன். அதற்காக அவன் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. பிறந்தான், அவ்வளவுதான். நான் அந்த ஊர் காலியான பிறகு பழனிசெட்டிபட்டியில் பிறந்தேன். அதுவும் என் குற்றமில்லை. ஆனாலும் எங்கள் வகையறாவில் அறுபத்துச் சொச்சம் வருஷமாக அவனுக்கு ஒரு மரியாதை, எனக்கு ஒரு மரியாதை.

குழாய்ப்பட்டி என்று இன்று எந்த வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காது. தேனிக்கும் போடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருந்த ஊர். பாதை போட்ட காலத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க அங்கே ஒரு கிணறு வெட்டி, உயரமாக ஒரு இரும்புக் குழாயை நிறுத்தினார்கள். அதைச் சுற்றிப் பாதை வேலைக்காரர்களின் குடிசைகள் வந்தன. பிறகு பருத்தி மூட்டையும் ஏலக்காய் மூட்டையும் அடுக்க ஒரு கொட்டகை, இரண்டு காப்பிக்கடை, ஒரு சாராயக்கடை. எல்லாம் வந்த பிறகு கருப்பசாமி வந்தார். குழாய்க்கு அடியில் நின்றதால் அவருக்குக் குழாயடியான் என்று பெயர். இன்ஜின் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பிரயாணிகள் இறங்கிச் சூடம் கொளுத்திவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வார்களாம்.

அந்த ஊர் பதினைந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது ஜெர்மன் சண்டை வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ரயில் போன பிறகு குழாய் எதற்கு என்று அதையும் கழற்றினார்கள். வேலை போன குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்கு வந்து சேர்ந்தன. வரும்போது குழாயடியான் காலடியிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, இங்கே பீடம் கட்டி வைத்தார்கள். சண்டை முடிந்து நெடுநாள் கழித்து மறுபடியும் பாதை போட்டபோது இன்ஜின் வேறு இடத்தில் தண்ணீர் குடித்தது. குடிசைகள் இருந்த இடத்தை அதற்குள் உழுதுவிட்டார்கள். ஊர் இருந்த தடமே போய்விட்டது.

ஊர் போனாலும் வழக்கம் போகவில்லை. மாசித் திருவிழாவில் சாமியின் ஆபரணப் பெட்டியைத் தன் வீட்டிலிருந்து கோயிலுக்குத் தலையில் வைத்துத் தூக்கி வருகிறவர் குழாய்ப்பட்டியில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். ஊர் இல்லாமல் போன பிறகு அங்கே யார் பிறக்கப் போகிறார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். வழக்கம் ஒன்றைப் பேசும்போது சாவைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

சின்ன வயசில் எனக்கு அந்தப் பெட்டி பெரிதாகத் தெரியவில்லை. அப்போது எனக்கு வயிறெரிந்தது எண்ணெய்க்காக. விளக்கு வைத்ததும் எங்கள் ஆத்தா பிச்சையம்மாள் அண்ணனை மடியோரம் உட்கார வைத்து, அவனுடைய இடது உள்ளங்காலில் வேப்பெண்ணெய் தேய்த்துவிடுவாள். தினமும். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, வேறு எதையும் பார்க்காமல் தேய்ப்பாள். நானும் போய்க் காலை நீட்டுவேன்.

"எனக்கும் தேயி ஆத்தா."

"ஒனக்கு என்னடா கேடு? அவனுக்கு வெடிப்பு. போயி விளையாடு."

குழாய்ப்பட்டியில் பிறந்த காலுக்கு எண்ணெய் உண்டு, இங்கே பிறந்த காலுக்கு இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வளர்ந்ததும் அண்ணன் மலை ஏறிவிட்டான். கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை. கல்யாணமும் அங்கேயே. மாதத்துக்கு ஒரு தரம் கம்பம்மெட்டு வழியாக இறங்கி வருவான். கையில் ஏலக்காய்ப் பொட்டலம், வாயில் இரண்டு மலையாள வார்த்தை. தெருவே அவனைச் சுற்றி நிற்கும். ஆத்தாவுக்கு முகம் மலர்ந்துவிடும். மாதம் முழுவதும் கஞ்சி ஊற்றியது என் மனைவி அன்னத்தாய். ஒரு வேளை வந்து பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போகிறவனைத்தான் ஆத்தா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்வாள்.

ஆனால் எனக்கு ஒன்று கிடைத்தது. வீட்டின் முன் அறையில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. நான் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்க, ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டே குழாய்ப்பட்டிக் கதைகளைச் சொல்வாள். கிணறு எந்தப் பக்கம், கொட்டகை எந்தப் பக்கம், இன்ஜினிலிருந்து தள்ளும் சாம்பலைப் பாதைக்கு வடக்கே குவிப்பார்கள், அந்த மேட்டில் புல்கூட முளைக்காது, பெண்கள் போய் வேகாத கரியைப் பொறுக்கி வந்து அடுப்பெரிப்பார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். பிறந்தவன் அவனாக இருக்கட்டும், அந்த ஊர் என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அது ஒரு திருப்தி.

தொண்ணூற்றாறில் ஆத்தா படுத்துவிட்டாள். மூன்று மாதம் அன்னத்தாய்தான் பார்த்தாள். கடைசி நாளில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பெரியவன் வந்துட்டானா?" என்றாள். வந்தான். அவன் காலைத் தடவிக்கொண்டே உயிர் போய்விட்டது. தலைமாட்டில் நான் நின்றேன். அவள் தலையைத் திருப்பவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு இங்கேயே, எங்கள் தெருக்கோடியில் வீடு பிடித்து வந்துவிட்டான். துக்க வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஆத்தா சொன்ன கதைகளை நான்தான் அவனுக்குச் சொன்னேன். அடுத்த மாசியில் அவற்றைக் கோயில் வாசலில் உட்கார்ந்து அவன் சொல்லிக்கொண்டிருந்தான், தானே நேரில் பார்த்தவன் மாதிரி. "அங்கன ரெண்டு காப்பிக்கட இருந்துச்சு மோனே, சாயங்கால வண்டி வந்தா எடம் கெடைக்காது." ஊரை விட்டு வரும்போது இவனுக்கு இரண்டு வயசு! காப்பிக்கடையில் இவனுக்கு யார் இடம் பிடித்து வைத்தார்கள்? சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குக் காதில் புகை வந்தது.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் ஒரு காலம் வந்தது. தேனி பஜாரில் தானிய மண்டி வைத்திருக்கும் சுந்தர்ராஜ் என்பவருக்குப் போடி பாதையோரம் ஒரு தென்னந்தோப்பு உண்டு. அவருடைய கிணற்று மோட்டார் புகைந்துபோய் என்னைக் கூப்பிட்டிருந்தார். வேலை முடிந்து கை கழுவும்போது, தோப்பின் தெற்கோரத்தில், பாதையை ஒட்டி, தென்னையே இல்லாத ஒரு திட்டு கண்ணில் பட்டது.

"அங்கன என்னங்க ஒண்ணும் வைக்கல?"

"வச்சுப் பாத்தாச்சு. குழி தோண்டுனா கருப்புக் கருப்பாக் கட்டிதான் வருது. கன்னு நிக்கமாட்டேங்குது" என்றார் சுந்தர்ராஜ்.

போய்க் காலால் கிளறினேன். உருகி இறுகிய கரிக்கட்டி, ஓட்டை ஓட்டையாக, கனமே இல்லாமல். பாதைக்கு வடக்கே, புல் முளைக்காத மேடு. அங்கே நின்று கிணற்றைப் பார்த்தேன், ஆத்தா சொன்ன பக்கத்தில்தான் இருந்தது. எத்தனை வருஷமாகக் காது வழியாகக் கேட்ட ஊரில் நான் நின்றுகொண்டிருந்தேன்! ஒரு கட்டியை எடுத்துவந்து கடையில் ரசீதுகள் பறக்காமல் இருக்க மேலே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பிறந்தவனுக்கு இடம் தெரியாது, எனக்குத் தெரியும். அதை எப்போது எடுத்து நீட்ட வேண்டும் என்பது என் இஷ்டம்.

ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தபோது அந்தக் கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எங்கன கெடச்சது மணி?"

"எங்கனயோ. ஏன்?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டான்.

குழாய்ப்பட்டியில் பிறந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டி தூக்கிக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பாவும் இரண்டாயிரத்தாறில் இறந்தார். வகையறாக் கூட்டம் போட்டார்கள். கோயில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற அய்யாத்துரை எழுந்து, "இனி அங்கன பொறந்தவுகன்னு பாத்தா கோட்டைச்சாமி அண்ணன் ஒருத்தருதான். அவுகதான் தூக்கணும்" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஆத்தா அந்த ஊர விட்டு வரும்போது நான் அவ வயித்துல மூணு மாசம். அப்ப நானும் அங்கன இருந்தவன்தானே?" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்னத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்காதியப்பா. தம்பி சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல" என்றான். உடனே கூட்டம் அவனுக்காக உச்சுக் கொட்டியது. என்ன குணம், என்ன பெருந்தன்மை! என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவனைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். பெட்டி அவன் தலைக்குப் போனது.

போன வருஷம் கோயிலைப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. வேறு இடம், பெரிய இடம். புது பீடத்துக்குக் குழாய்ப்பட்டி மண்ணிலிருந்தே மறுபடியும் பிடிமண் எடுக்க வேண்டும். அய்யாத்துரை அதோடு இன்னொன்றும் சொன்னார். கோட்டைச்சாமிக்குப் பிறகு பெட்டி தூக்க அங்கே பிறந்தவர்கள் இல்லை. அதனால் இந்தத் தரம் யார் கை மண் எடுக்கிறதோ அவர் வீட்டில்தான் இனிமேல் பெட்டி இருக்கும், அவருக்குப் பின்னால் அவர் பிள்ளைகள் தூக்குவார்கள். எல்லாரும் சரி என்றார்கள். எல்லாரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். நான் கடைக்கு வந்து கரிக்கட்டியைத் துடைத்து வைத்தேன். என் நாள் வந்துவிட்டது.

தை மாதம் ஒரு காலை, இரண்டு வேன் பிடித்துக் கிளம்பினோம். முன் வேனில் டிரைவர் பக்கத்தில் அண்ணன், புது வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. பின் வேனில், கடைசி சீட்டில், மண்வெட்டிகளோடு நான். என் திட்டம் சுருக்கமானது. அவன் ஏதாவது ஒரு இடத்தைக் காட்டுவான். தப்பாகத்தான் காட்டுவான். எல்லார் முன்னாலும் நான் வாயைத் திறப்பேன்.

அப்படியே நடந்தது. பாதையோரம் ஒரு சோளக்காட்டு வரப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கண்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கனதான்னு நெனைக்கேன்" என்றான் அண்ணன். சூடம் ஏற்றத் தயாரானார்கள். செம்மண். பளபளவென்று செம்மண். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது இல்ல" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எடம் எனக்குத் தெரியும். வாங்க."

சுந்தர்ராஜிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். "கோயில் காரியம், தாராளமா எடுங்க. அந்த எடம் எனக்கு ஒண்ணுக்கும் ஆகல" என்றார். நான் முன்னால் நடந்தேன். கிணற்றைக் காட்டினேன், கொட்டகை இருந்த மூலையைக் காட்டினேன், குழாய் நின்றிருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். பிறகு மேட்டில் மண்வெட்டியைப் போட்டு ஒரு கொத்துக் கொத்தினேன். கருப்பாகக் கரிக்கட்டிகள் உருண்டு வந்தன. "இன்ஜின் சாம்பல்! பாத்துக்கங்க!" என்று கத்தினேன். அய்யாத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டார். வகையறா முழுவதும் என்னைப் பார்த்தது. என் வாழ்நாளில் அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அது எவ்வளவு நேரம் நீடித்தது என்றால், அண்ணன் வந்து சேரும் வரைக்கும். முட்டி வலிக்காரன், மெதுவாகத்தான் வந்தான். மேட்டருகே வந்ததும் செருப்பைக் கழற்றினான். ஒரு கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தான். அப்புறம் அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"என்னண்ணே?" என்றார் அய்யாத்துரை.

அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கால் நடுவே, ஒரு ரூபாய் அகலத்துக்கு, சுருங்கி வெளுத்த தழும்பு.

"ஆத்தா கரி பொறுக்க வந்தா, இடுப்புல நானு. மேல சாம்பல் ஆறிக் கெடந்துச்சு. ஆறிப்போச்சுன்னு என்னய எறக்கிவிட்டா. அடியில கங்கு."

காலைக் கீழே ஊன்றிக்கொண்டான்.

"பெத்த பிள்ளைய நெருப்புல எறக்குனவள்னு ஊரு சொல்லுமேன்னு, சாகுற வரைக்கும் அவளுக்குப் பயம். நான் கொஞ்சம் பெருசானதும் என்கிட்ட மட்டும் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதன்னா. தம்பிகிட்டக்கூடச் சொல்லாத, அவன் வாய் நிக்காதுன்னா. ஆத்தா இப்ப இல்ல, ஊரும் இல்ல. இனிச் சொன்னா என்ன?"

அவ்வளவுதான். பெண்கள் எல்லாம் அழுதார்கள். அன்னத்தாய், என் மனைவி, அவள் முதலில் அழுதாள். சுந்தர்ராஜ்கூட மூக்கைச் சிந்தினார். மண்வெட்டியோடு நான் நின்ற பக்கம் ஒருத்தர் திரும்பவில்லை. கொட்டகை மூலையும் கிணறும் யாருக்கு வேண்டும்? ஊரே அவன் காலடியில் முத்திரை குத்தியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் போடி வண்டி பக்கத்துப் பாதையில் ஊதிக்கொண்டு போனது. நிற்கவில்லை.

அய்யாத்துரை புது மஞ்சள் துணியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் குனியப் பார்த்தான். முட்டி மடங்கவில்லை. "மணி, நீ அள்ளு" என்று துணியை விரித்துப் பிடித்தான். நான் குனிந்து மூன்று கை அள்ளிப் போட்டேன். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவை மலரில் பார்ப்பீர்கள். அதில் அண்ணன் முகம் தெரியும், துணி தெரியும், கீழே என் முதுகு தெரியும்.

"அள்ளுன கை தம்பி கை. எடத்தக் கண்டதும் அவன்தான். பெட்டி அவன் வீட்லயே இருக்கட்டும். ஆத்தா கடைசி வரைக்கும் இருந்த வீடு அது" என்றான் அண்ணன். என்ன மனசு, என்ன மனசு என்று கூட்டம் உருகியது. அறுபத்தேழு வயசு வரைக்கும் நான் ஏங்கிய பெட்டி, அவன் தூக்கிக் கொடுத்த பெட்டியாகத்தான் என் வீட்டுக்கு வந்தது.

திரும்பும்போது அவன் என் பக்கத்தில், கடைசி சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"ஒனக்கு எடம் தெரியும்னு எனக்கு முன்னாடியே தெரியும்லே. ஒங் கடையில அந்தக் கட்டியப் பாத்தன்னைக்கே தெரியும். என்னயச் சுட்டதாச்சே, எனக்குத் தெரியாதா? நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன். இன்னைக்கும் நீ சொல்லலேன்னா அந்தச் செம்மண்ணத்தான் எடுத்திருப்பாக."

நான் குனிந்து அவன் காலைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணே, தெனம் ஆத்தா எண்ணெ தேச்சது அதுக்குத்தானா?"

"பின்ன? வெடிப்புக்குன்னா நெனச்ச?"

அவன் தூங்கிவிட்டான். செருப்பில்லாத கால் என் பக்கம் நீட்டியிருந்தது, தழும்பு தெரிய. ஆத்தாவின் எல்லாக் கதையும் என்னிடம் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அவள் சொல்லப் பயந்த ஒன்றை மட்டும் எடுத்து அவனிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வீட்டிலிருந்து வந்து இறங்கிய, புதுப் பட்டுத்துணி சுற்றிய பெட்டியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, அன்னத்தாய் சூடம் காட்டினாள். எங்கள் மகன்கள் விழுந்து கும்பிட்டார்கள். நான் முன் அறைக்குப் போய், ஆத்தா புளி தட்டும் இடத்தில் உட்கார்ந்து, என் கால்களைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் சுத்தமாக இருந்தன, ஒரு கீறல்கூட இல்லாமல். பெட்டி உள்ளே இருந்தது. எனக்கு அந்தத் தழும்புதான் வேண்டியிருந்தது.